தள்ளுங்க என்று நான் சொன்னேன்

மிஷின் ஷிப்டிங் வேலையில் ஒரு சொல்லை நான் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். அதற்காக இதை எழுதுகிறேன். படித்தது ஐந்தாவது வரை. எழுத்து முன்னேபின்னே இருக்கும்.

சிங்காநல்லூரில் ஒரு பட்டறை. புதிதாக சிஎன்சி மிஷின் வருகிறது என்று பழைய லேத்தைச் சுவரோரம் கொண்டுபோகச் சொன்னார்கள். லேத் மூன்று டன். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் இரும்பு பைப்புகளை உருளையாகக் கொடுத்து, பின்னாலிருந்து கடப்பாரையால் நெம்பினால் நகரும். நெம்ப ரங்கசாமியும் இன்னும் மூன்று பேரும். மேஸ்திரி நான். நான் லேத்தின் ஒரு முனையில் நின்றேன். அங்கே நின்றால்தான் இரண்டு பக்கமும் தெரியும். நெம்புகிறவர்களுக்குச் சுவர்ப் பக்கம் தெரியாது. என் வாய்தான் அவர்களுக்குக் கண்.

"ஏனுங்க மேஸ்திரி, செவுத்துல இருந்து ஓரடி தள்ளி வெச்சுப்போடுங்க. பின்னால கூட்டறதுக்கு எடம் வேணும்" என்றார் முதலாளி.

"சரிங்க."

சுவருக்கு ஒன்றரை அடி வரை கொண்டுவந்தோம். இன்னும் அரை அடி. நான்கு பேரும் கடப்பாரையைச் சொருகி என் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். அப்போது எலக்ட்ரீசியன் நடராசு மறுமுனை வழியாக அந்த இடுக்கில் நுழைந்துவிட்டார். சுவரில் இருந்த மெயின் பாக்ஸைப் பார்க்க.

"தள்ளுங்க" என்றேன்.

அவரைத்தான் சொன்னேன். விலகச் சொன்னேன். நான்கு பேரும் நெம்பினார்கள்.

எங்கள் ஊரில் 'ங்க' போடாமல் யாரும் பேச மாட்டார்கள். ஒருத்தருக்கும் தள்ளுங்கதான். நாலு பேருக்கும் தள்ளுங்கதான்.

தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையைச் சுவர்ப் பக்கம் லேசாகச் சரித்திருந்தார்கள். அரை அடி நகர்ந்து நிற்க வேண்டிய லேத் நிற்கவில்லை. நடராசுவின் தொடையைச் சுவரோடு அமுக்கித்தான் நின்றது. அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

மறுபக்கம் இருந்து ரங்கசாமி கேட்டார்.

"மேஸ்திரி, நின்னுபோச்சுங்க. இன்னொருக்கா தள்ளட்டுங்களா?"

தள்ள வேண்டாம் என்று தொண்டை வரை வந்தது. அதிலும் முதலில் 'தள்ள' என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடியது. அந்தச் சத்தத்தில் பின்பாதி காதுக்குப் போகாவிட்டால் நடராசு இல்லை. பதில் வராவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். வேறு சொல் அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஓடினேன். சுற்றிப் போய் ரங்கசாமி கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினேன். அதற்குள் அவர் அதன்மேல் பாதி சாய்ந்திருந்தார்.

என் முகத்தைப் பார்த்து மற்றவர்களும் கையை எடுத்தார்கள்.

பிறகு நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் தோளையும் தொட்டுக் கூட்டிப்போய், சுவர்ப் பக்கம் ஒரு முனைக்கு இரண்டு பேராக நிறுத்தினேன். சுவருக்கும் லேத்துக்கும் நடுவே கடப்பாரை. என் கை மேலே போனால் நெம்ப வேண்டும். இறங்கினால் நிற்க வேண்டும் என்று சைகையில் காட்டினேன். முதலாளி ஓடிப்போய் கம்ப்ரஸரை நிறுத்தினார். கையைத் தூக்கினேன். நான்கு விரல் அகலம் கிடைத்தது. உருளை திரும்பி ஓடாதபடி கட்டை கொடுத்தேன். இன்னொரு நெம்பு. நடராசுவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன்.

முதலாளி காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். "நான் தள்ளி வெய்யுங்கன்னுதானுங்க சொன்னேன்" என்றார் வண்டியை ஓட்டிக்கொண்டே. அவர் சொன்னதும் சரி.

தொடை எலும்பு முறிவு. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன்.

"என்னையத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க மேஸ்திரி. அந்த லேத்துக்குத்தான் தெரியலீங்க" என்றார் நடராசு. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் ஏணி ஏறவில்லை.

அடுத்த வேலைக்கு முன்னால் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். ரங்கசாமி வீட்டில் தெலுங்கு பேசுவார்.

"எங்கூட்ல சாமானத் தள்றதுக்கு நூக்குன்னு சொல்லுவோமுங்க. அதக் கேட்டு ஆரும் ஒதுங்க மாட்டாங்க. நூக்கத்தான் செய்வாங்க."

அதையே வைத்துக்கொண்டோம். மிஷினுக்கு நூக்கு. ஆளுக்கு விலகு, அதுவும் பேரைச் சொல்லி. தூரம் என்றால் எத்தனை அடி என்று கேட்டு, தரையில் சாக்பீஸால் கோடு. தள்ளி, தள்ளு, தள்ளுங்க எதுவும் கிடையாது. முதலாளிமார் சொல்லட்டும். நாங்கள் சொல்வதில்லை.

போன மாதம் சோமனூரில் ஒரு வேலை. வயரிங்குக்கு நடராசு வந்திருந்தார். இப்போதும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார். பேனல் போர்டுக்கு முன்னால் நான் வழியை மறித்து நின்றிருந்தேன்.

"மேஸ்திரி, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

நான் முதலில் பின்னால் திரும்பி மிஷினைப் பார்த்தேன். நின்ற இடத்தில்தான் நின்றது.

அவரும் அதைப் பார்த்துவிட்டு, "விலகுங்க" என்றார்.

விலகினேன்.