பாண்டிச்சேரி முழுக்க ஸ்டாம்பு சேகரிப்பவர்கள்

பயோடேட்டா அடிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு ஊரில் யாருக்கு எந்த வேலை கசந்துவிட்டது என்பது பெண்டாட்டிமார்களுக்கு முன்பே தெரிந்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் நெல்லித்தோப்பில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கசந்தவர்களில் நானும் ஒருவன். எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, கம்பெனி வேலை என்றால் தை மாசம் முகூர்த்தம், டைப் அடிக்கிற கடை என்றால் பேச்சே இல்லை என்று சொல்லியிருந்தார். வேலை மாற அலைந்தவர்களே, என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

சொல்தாவின் முட்டை

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, ஒருவர் வந்தார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லையாம், சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி ஆபீசர் ஆக வேண்டுமாம். பொழுதுபோக்கு என்ன என்றேன். பிரான்ஸ் கடிதங்களில் இருந்து ஸ்டாம்பு உரித்துச் சேர்ப்பதாகச் சொன்னார், அடித்தேன். ராணுவத்தில் என்ன வேலை என்றேன். சமையல் என்றார். இதற்கும் காவலுக்கும் என்ன முசியே சம்பந்தம் என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டதற்கே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நா இருந்த வரைக்கும் கிச்சன்லேர்ந்து ஒரு முட்ட வெளிய போனதில்ல தம்பி. அது செக்யூரிட்டி இல்லியா?"

காரணம்

வீராம்பட்டினத்து இளைஞன் ஒருவனுக்கு எங்கள் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு பட்டறை வேலை போதும். மீன்பிடித் தொழிலை ஏன் விடுகிறாய் என்று கேட்டேன். கடைக்குள் வேறு யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

"படகுல ஏறனா வாந்தி வருதுண்ணே. எங்க ஊர்ல மட்டும் சொல்லிடாதீங்க."

ரெவின்யூ ஸ்டாம்பு

நெசவு மில்லில் இருந்த ஒரு அண்ணன் அதே சேதராப்பட்டு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார். சொல்தாவின் பயோடேட்டாவைத் திறந்து, பேர், ஊர், அனுபவம் எல்லாம் மாற்றி அடித்துக் கொடுத்தேன். பொழுதுபோக்கை மாற்ற மறந்துபோனேன். இந்த மறதி அவரோடு நிற்கவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கும் அந்தப் பயோடேட்டாதான் அச்சு.

இன்டர்வியூ முடிந்து அண்ணன் நேராகக் கடைக்கு வந்தார். மேனேஜர் எடுத்த எடுப்பில் ஸ்டாம்பு பற்றித்தான் கேட்டாராம். நீங்க என்னண்ணே சொன்னீங்க என்று பதறினேன்.

"பாக்கெட்லயே ரெண்டு இருக்கு சார், சம்பளம் வாங்கறப்ப ஒட்டி கையெழுத்து போடறதுக்குன்னு எடுத்துக் காட்டனேன். சிரிச்சிட்டு வேலைல சேர்ந்துக்க சொல்ட்டாரு."

என் முறை

அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை காலி என்று கேள்விப்பட்டு எனக்கும் ஒன்று அடித்தேன். ஊருக்கெல்லாம் மருந்து கொடுப்பவன் தன் சளியைக் கவனிப்பானா? மேனேஜர் என் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொழுதுபோக்கு, ஸ்டாம்பு. இங்க வர்ற செக்யூரிட்டி, ஃபிட்டர், கேன்டீன்காரன் எல்லாரும் ஸ்டாம்பு. அடிச்சிக் குடுக்கறவன் நீதானா?"

தை மாசம் கைநழுவியது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆமாம் சார் என்றேன். வேலை கிடையாது, எழுந்து கதவைச் சாத்து என்றார். சாத்திவிட்டு வெளியே போவதா உள்ளே நிற்பதா என்று தெரியாமல் முழித்தேன். பக்கத்தில் வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் வேற கம்பெனி மாறலாம்னு இருக்கேன். நல்லதா ஒண்ணு அடிச்சிக் குடு. ஸ்டாம்பு மட்டும் வேணாம்."

மாமா

அன்று சாயங்காலமே பெண்ணின் அப்பா கடைக்கு வந்து, என்ன ஆச்சு என்றார். வேலை கிடைக்கவில்லை, மேனேஜர் தன் சொந்த வேலை ஒன்றைத்தான் கொடுத்திருக்கிறார், வெளியே சொல்லக் கூடாது மாமா என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மேனேஜருக்கே ரகசிய வேல பாக்கறீங்களா! இத மொதல்லயே சொல்றதில்லியா மாப்ள?"

ஊரில் அத்தனை பேருக்கும் வேலையை மாற்றிக் கொடுத்த நான், என் பயோடேட்டாவில் இதுவரை மாற்றியிருப்பது 'திருமணம் ஆகாதவர்' என்ற ஒரே வரியைத்தான்.