குதிரைமுகச் சாமி

எங்கள் வீட்டுச் சாமித் தட்டுக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. பழைய தாள், தேயிலைச் சாயம் பட்டது போன்ற நிறம். கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட ஒருவர் உயரமான மேடையில் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார். உடம்பு மனிதர், முகம் மட்டும் மிருகம். கீழே படிக்கிற பெடியள் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்க்கிறார்கள். வீட்டுக்கு வருகிற சனம் முதலில் படத்தைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆட்களுக்கு விளங்கப்படுத்திக் கதைக்கக் கூச்சம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். நாங்கள் குடியேறிய பாசல் நகரத்தில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைகளில் துப்புரவு வேலைக்குப் போய்வந்தேன். ஓய்வு பெற்றவர், தனி ஆள், கதை குறைவு. வீடு முழுக்கப் பழைய காலத்துப் பல்கலைக்கழகப் படங்கள். ஒன்றில் மாணவர்கள் குடித்துவிட்டு மேசைக்குக் கீழே கிடந்தார்கள். ஒன்றில் இருவர் வாளோடு நின்றார்கள். நடைவழியில் இருந்த நீளப் படத்தில், கொடியும் மேளமுமாக அங்கிக்காரர்கள் வரிசையாகப் போனார்கள். பல்கலைக்கழகத்தின் ஏதோ நிறைவு விழாவாம். எனக்கு அது தேருக்கு முன்னால் போகிற சனம் போலத்தான் இருந்தது. மாரிகாலப் பின்னேரங்களில் அவருடைய சேட்டுகளை அயர்ன் பண்ணும்போது ஆவி எழும்பிப் படக் கண்ணாடிகளில் படியும். துடைத்துவிட்டுப் பார்த்தால் ஊர்வலம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது போல இருக்கும். வெளியே ட்ராம் போகிற அதிர்வில் சட்டங்கள் கிணுகிணுக்கும். அந்த மேளம்தான் அடிக்கிறதென்று நினைத்துக்கொண்டு அடுத்த சேட்டை எடுப்பேன்.

அந்த வருடம் என் மகள் மருத்துவப் படிப்பின் முதற் சோதனையில் தவறியிருந்தாள். இன்னும் ஒரு தரம் எழுதலாம். அதிலும் தவறினால் அந்தப் படிப்பே இல்லை. பெட்டை சாப்பிடாமல், கதைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். அவளுடைய புத்தகத்தில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. பிள்ளையாரைக் கும்பிட்டேன், சரஸ்வதியைக் கும்பிட்டேன். ஆனாலும் இந்த ஊர்ச் சனத்தின் டொச் மொழியில் எழுதுகிற சோதனை எங்கள் சாமிகளுக்கு விளங்குமோ என்று ஒரு யோசனை. அப்போதுதான் பேராசிரியர் வீட்டுச் சுவரில் அந்த மேடைக்காரர் கண்ணில் பட்டார். காதுகள் தொப்பிக்குள் பாதி மறைந்திருந்ததால் குதிரை என்றே நினைத்தேன். எங்களுக்கு ஆனைமுகத்தில் ஒருவர் இருக்கும்போது, இந்தப் படித்த சனத்துக்குக் குதிரைமுகத்தில் ஒருவர் இருக்கமாட்டாரோ? கையில் புத்தகம் வேறு. அவருடைய பல்கனிச் சட்டியில் பூத்திருந்த சிவப்புப் பூ ஒன்றைக் கிள்ளி, சட்டத்தின் விளிம்பில் செருகிக் கும்பிட்டேன்.

திரும்பினால் பேராசிரியர் வாசலில் நிற்கிறார். என் மகள், சோதனை என்று தெரிந்த இரண்டு சொல்லைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அடுத்த வெள்ளி போனால், படத்துக்குக் கீழே ஒரு குட்டி மேசை, அதில் தண்ணீர் விட்ட சின்னக் கண்ணாடிக் குவளை. அதற்குள் என் பூ, வைத்த அன்றைக்குப் போலவே வாடாமல் இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். எனக்கு உடம்பு புல்லரித்தது. சாமி ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மகளிடம் சொன்னேன். "பூ வாடேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு அவள் என்னோடு இருந்து சாப்பிட்டாள்.

மகள் சோதனையில் சித்தியடைந்தாள். சர்க்கரைப் பொங்கலோடு, என் நன்றியை டொச்சில் சொல்ல அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை வாசித்தாள்.

"அம்மா, இது கழுதை. வாத்திமாரை நக்கலடிச்சுக் கீறின படம். இதையோ கும்பிட்டனீங்கள்?"

பொங்கற் சட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துப் பேராசிரியருக்கு விளங்கிவிட்டது. அவர் மெதுவாக ஏதோ சொன்னார். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு காலம் படிப்பிச்சும் தனக்கு ஒருத்தரும் பூ வைக்கேல்லையாம், கழுதைக்காவது கிடைச்சுதே எண்டு சந்தோசமாம்." படத்துக்குக் கீழே இருந்த குவளையைப் பார்த்தாள். "நீங்கள் வராத நாளிலை பூ மாத்தினது இவர்தானாம், அம்மா. நான் பாஸ் பண்ணவேணும் எண்டு."

அவர் சட்டியை என் கையிலிருந்து வாங்கி, என்னைப் பார்க்காமல் பொங்கலைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்கும் என்னைப் போலக் கூச்சம் என்று அப்போதுதான் கண்டேன்.

முதியோர் இல்லத்துக்குப் போகும்போது படத்தையும் குவளையையும் எனக்குத் தந்தார். இப்போது அவர் இல்லை. மகள் டொக்டர். கழுதை என்று தெரிந்தும் வெள்ளிக்கிழமைகளில் பூ வைக்கிறேன். இந்த வீட்டில் அடுத்த வெள்ளிக்கு முன்னமே பூ வாடிவிடுகிறது. நானே எழும்பிப் போய் மாற்றுகிறேன்.