ஆரோக்கியம் அண்ணன் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு

“தம்பி, மூணு ஃபேன் வச்சது நல்லதா, ரெண்டு ஃபேன் வச்சது நல்லதா?”

போன மாதம் ஒரு காலையில் ஆரோக்கியம் அண்ணனிடமிருந்து போன். அன்னவாசலில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணங்கள் அவர் கேமராவுக்கு முன்னால்தான் நடந்தன. கம்ப்யூட்டருக்கு உசத்தியான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்க வேண்டுமாம். இந்தப் பத்தியில் கம்ப்யூட்டரைப் பற்றி நாலு வாரம் எழுதிவிட்டேன் இல்லையா... ஊரில் நான்தான் நிபுணர்!

எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சிப் தயாரிப்பது ஒரு கம்பெனி. அதை வாங்கி, கார்டாக்கி விற்பது ஏழெட்டுக் கம்பெனிகள். உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருத்தர் கலர் லைட் போடுகிறார், இன்னொருத்தர் சூடு தணிக்கும் ஃபேனைக் கூட்டுகிறார். விலை மட்டும் ஆளுக்கொரு தினுசு.

இருவரும் திருச்சிக்கு பஸ் ஏறினோம். மூன்று கடை ஏறி இறங்கினோம்.

“லைட்டுக்குக் காசு கொடுக்காதீங்கண்ணே. மெமரி அதிகமா இருக்கா, வாரன்ட்டி எத்தனை வருஷம், ரிப்பேர்னா திருச்சியிலயே பார்ப்பாங்களா — இதை மட்டும் கேளுங்க” என்றேன்.

கடைசியில் ரெண்டு ஃபேன் கார்டுதான் ஜெயித்தது. அலங்காரம் இல்லை, மெமரி தாராளம். திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை அண்ணன்.

கல்யாண வீடியோ எடிட் பண்ணத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

போன வாரம், “இங்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க தம்பி” என்று கூப்பிட்டார். போனேன். ஸ்டூடியோ திரையில் ஒரு கல்யாணம். சர்ச் வாசலில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை... அட, நம்ம அண்ணன்! பக்கத்தில் லூர்து அண்ணி.

அண்ணி தவறி எட்டு மாதம் ஆகிறது.

“ஊரையெல்லாம் வீடியோ எடுத்தேன். வீட்டுல எடுக்கலை தம்பி. அவ இருக்கிறது இந்த ஒரு கேசட்டுலதான்.”

பூஞ்சை பிடித்த அந்தக் கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி, மங்கல் படத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. சாஃப்ட்வேரில் ஓட்டியிருக்கிறார். அது ஓடுவதற்குத்தான் அந்தக் கார்டு.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சேலைச் சரிகைகூடத் தனியாகத் தெரிந்தது. “பிரமாதம்ண்ணே!” என்றேன்.

அவர் படத்தை நிறுத்தினார். திரையில் அண்ணியின் மோவாயில் விரலை வைத்தார்.

“இங்க ஒரு தழும்பு இருக்கும். சின்னப் புள்ளையில அடிபம்புல மோதி விழுந்தது. காணோம் தம்பி.”

தெரியாத இடத்தை ஊகித்து நிரப்புகிற சாஃப்ட்வேர் அது. தழும்பை அழுக்கு என்று துடைத்திருக்கும். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கி, பல்லை வரிசையாக்கி... திரையில் இருந்தது அழகான வேறு யாரோ.

“இதைவிடப் பெரிய கார்டு வாங்குனா தழும்பு வருமா?”

“வராதுண்ணே” என்றேன். எதற்கு வாங்குகிறீர்கள் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்?

அவர் கோபப்படவில்லை. பழைய பதிவைப் போட்டார். திரை முழுக்கப் புள்ளியும் கோடும். அண்ணியின் முகம் வெள்ளையாக ஒரு கலங்கல். அண்ணன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்தா இருக்கு... தெரியுதா தம்பி?”

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“தெரியுதுண்ணே” என்றேன்.