ஹார்ட்லி இருந்த பாதி

தொண்ணூற்றொன்றில் நானும் என் சிநேகிதியும் சேர்ந்து ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்கி, தையலைப் பிரித்து இரண்டாக்கிக்கொண்டோம். நான் சேரப்பணஞ்சேரி, அவள் வடக்குப்பட்டு. சனிக்கிழமைதோறும் படப்பை டைப்ரைட்டிங் வகுப்பில் பாதிகளை மாற்றிக்கொள்வோம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலைக்கு இருவருக்கும் இன்டர்வியூ கடிதம் வந்தது. இடம் ஒன்றுதான். வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வாரம் என்னிடம் இருந்தது பின்பாதி. ஹார்ட், ஹார்ட்லி, லேட், லேட்லி என்று ஆளைக் குழப்பும் பாடம் அதில்தான்; அவள் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை. ஒரு 'லி' சேர்ந்தால் போதும், கடுமையாக உழைக்கிறவன் அநேகமாக உழைக்கவே உழைக்காதவன் ஆகிவிடுகிறான். லேட்லிக்கும் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை, சமீபகாலமாக என்று அர்த்தம். இன்டர்வியூவில் இதைத்தான் கேட்பார்கள் என்று வகுப்பு சார் என்னிடம் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை, புத்தகத்தை மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அது என் பைக்குள்தான் இருந்தது. அவளோ பரவாயில்லை என்று தன் முன்பாதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த நல்ல மனசைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே புத்தகம் கேட்டு வந்துவிட்டாளோ என்று கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். பாதியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் ஒரு பக்கம்.

இன்டர்வியூவில் அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்து காதோடு சொன்னாள்.

"ஹார்டுக்கும் ஹார்ட்லிக்கும் இன்னா வித்தியாசம்னு கேட்டாங்கடி. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். சிரிச்சாங்க, சரியாத்தான் இருக்கும். உன்னியும் கேப்பாங்க. அதையே சொல்லு, பயப்படாத."

உள்ளே போனேன். அதே கேள்விதான் வந்தது. இரண்டு உதாரணங்களோடு வித்தியாசத்தைச் சொன்னேன். அதிகாரி தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தவள், அதைக் கேட்டார்களா என்று ஆவலாக விசாரித்தாள். கேட்டார்கள் என்றேன்.

"நான் சொன்னதையே சொன்னியா?"

"ம்" என்றேன். வேலைக் கடிதம் என் வீட்டுக்கு வரும்வரை அவள் என்னை நம்பினாள்.