பேர் போட்ட பெட்டிசம்

வவுனியா நீதிமன்றத்துக்கு எதிரே அப்போது நான் சனங்களுக்குப் பெட்டிசம் என்கிற முறைப்பாட்டு மனுக்களை ரைப் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கனகராயன்குளத்து வேட்டைக்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். வாய் திறக்குமுன், இறைச்சி வாடை போய்விட்டதா என்று தன் கைகளை ஒருதரம் மணந்து பார்ப்பார்.

"வயல் வழக்கிலை தோத்தவன் என்ர அயலான். வெண்ட முதலாளி வீட்டிலை தீர்ப்புக்கு முதல்நாள் நீதவானுக்கு மான் விருந்து. சுட்டுப் பங்கு போட்டது நான். பின்தொடையை நீதவானுக்கெண்டு வைச்சதும் நான்தான். கொழும்பிலை மேலிடத்துக்கு எழுதுங்கோ."

"பேரில்லாமல் மொட்டைப் பெட்டிசமாய் அனுப்புவம். இல்லாட்டிக் களவு வேட்டைக்கு உங்களைத்தான் முதல் பிடிப்பாங்கள்."

"அவர் தன்ர பேரைப் போட்டுத்தானே தீர்ப்பு எழுதினவர்? என்ர பேரையும் போடுங்கோ."

போட்டேன். கொழும்பு என்ன செய்ததோ, தெரியாது. அதுவரை நான் அடித்த எந்தப் பெட்டிசத்திலும் என் பெயர் இருந்ததில்லை. அன்று அவருடைய கைநாட்டுக்குக் கீழே, எழுதியவன் என்று என் பெயரையும் அடித்தேன்.