ராத்தாவின் அலுமாரியில் இருந்த எலும்புப் பெட்டி

சென்ற திங்கட்கிழமை, வெளிநோயாளர் வரிசை பாதிகூடக் குறையாத நேரத்தில் தந்தி வந்தது. 'ராத்தா மௌத்து. அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம்.' முன்னால் நீட்டியிருந்த நாக்கைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அக்குறணைக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸாவைத் தோளில் தூக்கிப் புறப்படத் தயாராக இருந்தார்கள். நான் ராத்தா என்று அழைத்த என் மூத்த சகோதரி சுலைஹா உம்மாவைப் பற்றி எழுதும்படி உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும்.

கொழும்பில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சில் நீர் கோத்தது. எட்டு மாதம் வீட்டில் கிட என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பியதும் பரீட்சை, தவறினால் படிப்பு அத்தோடு சரி. என்னுடன் ஒரு பெட்டியும் வந்தது. உடற்கூறு படிப்பதற்கான மனித எலும்புகள். பரீட்சை முடித்தவர் கீழ்வகுப்பாருக்கு அதைக் கைமாற்றுவது எங்கள் வழக்கம். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கூரையைப் பார்த்தபடி ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

அறையைக் கூட்ட வந்த ராத்தா அதைத் திறந்து பார்த்தார். அலறவில்லை.

"தம்பி, இதுவும் ஒரு உம்மா பெத்த புள்ளதானே. போர்த்தக் கபன் துணியும் இல்லாம, அடங்கக் கபுறும் இல்லாம இஞ்ச ஏன் கிடக்குது?"

"இது இல்லாட்டி நான் பாஸாக மாட்டேன் ராத்தா."

பெட்டியை மெல்ல மூடினார். "அப்பிடியெண்டா படி. பாஸான உடனே அடக்கணும். சத்தியம் செல்லு."

சத்தியம் செய்தேன்.

கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தவர் ராத்தா. பள்ளிக்கூடம் கண்டதில்லை. எலும்புகளை வெள்ளைத் துணியில் சுற்றித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பின், கைகால் முகம் கழுவிய வுழுவோடு ஒன்றை எடுத்து வந்து கதிரையில் உட்காருவார். மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் நான் பெயர் சொல்லித் தமிழில் விளக்க வேண்டும். காய்ச்சலென்றால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம்.

"நேத்து இந்தப் பள்ளத்துக்கு வேற பேரு செல்லினாய். எது சரி?" என்று மடக்குவார். நான் சலித்துக்கொண்டால், "இவரு காத்துக்கிட்டு ஈக்காரு. கெதியாப் படி" என்பார். என் பரீட்சையைவிட அந்த மனிதரின் கபுறுதான் அவருக்கு அவசரம்.

பெட்டியோடு கொழும்புக்குத் திரும்பிப் பரீட்சை எழுதிப் பாஸானேன். மறுநாளே கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் பெட்டிக்காக வந்து நின்றான். எனக்கு ஒருவர் தந்ததுதானே. மறுக்க வாய் வரவில்லை, கொடுத்துவிட்டேன். பெருநாளுக்கு வீட்டுக்குப் போனபோது ராத்தா கேட்டார்.

"அடக்கிட்டியா?"

"அடக்கிட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதி, எங்கள் வாப்பாவுக்காகவும் தன் கணவருக்காகவும் துஆ கேட்டுவிட்டு, மூன்றாவதாகப் பெயர் தெரியாத அவருக்காகவும் கேட்டார். ஆறு வருடங்கள். வீட்டுக்குப் போன வெள்ளிகளில் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொல்லிவிட்டு, அவர் பரிமாறிய சோற்றையும் தின்றிருக்கிறேன். ஒரு வெள்ளியாவது வாயைத் திறந்தேனா? வெட்கம்கெட்டவன் நான். பின்னாளில் பெட்டியைத் தேடினேன். நான்கைந்து கை மாறிவிட்டது, யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கபுறில் இறங்கி ராத்தாவைக் கையில் வாங்கியவர்களில் நானும் ஒருவன். குளிர்ந்த மண். உடம்பில் எடையே இல்லை. மூடி முடியும்வரை நின்றேன்.

போய் வாருங்கள் ராத்தா. அங்கே அந்தப் பெயர் தெரியாதவரைக் கண்டால் நான் சொன்னது பொய்யென்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் எனக்காகத் துஆ கேட்பீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.