அம்மிக்கல்லோட கடற்கரைக்கு வந்த கிராணியம்மா

ஓட்டல்ல தட்டு தூக்குறவன் பொழப்பு ஒரு தலைகீழ்ப் பொழப்பு. ஊரெல்லாம் லீவு எடுத்தா நமக்கு மட்டும் வேலை ரெண்டு மடங்காகும். ஓட்டல்லயோ, கப்பல்லயோ, கல்யாண வீட்டுப் பந்தியிலயோ பரிமாறி இடுப்பொடிஞ்சவங்களுக்கு இதை நான் விளக்கணும்னு இல்லை. நீங்களும் நம்ம ஆளுங்கதான், கேளுங்க.

நான் வேலை பார்த்தது மலாயாவுல லூமுட் பக்கம் கடலைப் பார்த்து நின்ன ஒரு பலகை ஓட்டல்ல. ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் அது. ஈப்போவில இருந்தும் கோலா கங்சார்ல இருந்தும் துரைமாருங்க குடும்பத்தோட கார் போட்டுக்கிட்டு வருவாங்க. மேனேஜர் ஆ செங் ஹைனான் சீனர். சமையலும் அவருதான், திட்டுறதும் அவருதான். மேசை வேலைக்கு அவங்க ஆளுங்களைத்தான் வைப்பாங்க. அதுல ஒருத்தன் சொல்லாம கொள்ளாம கப்பல் வேலைக்கு ஓடிட்டான், தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டிருந்த எனக்கு யோகம் அடிச்சுது. வெள்ளைச் சட்டை போடணும், இடது பக்கமா நின்னு பரிமாறணும், பொம்பளைங்களுக்குத்தான் முதல்ல வைக்கணும். ஒரு மாசத்துல எல்லாத்தையும் படிச்சுக்கிட்டேன். அந்தப் படிப்பை அஞ்சே நாள்ல ஒரு குடும்பம் கவுத்துப் போட்டதைத்தான் சொல்ல வாரேன்.

தூக்க முடியாத மூட்டை

ஒரு துரை பேர்ல பெரிய அறை எடுத்து வைச்சிருந்தோம். சாயங்காலம் கார் வந்து நின்னா, இறங்கினது அவரோட தோட்டத்துப் பெரிய கிராணியார். துரைக்கு வர முடியலையாம், வருஷக்கணக்கா உழைச்ச மனுஷன்னு அறையை இவருக்கு விட்டுக் கொடுத்துட்டாராம். கிராணின்னா தோட்டத்து ஆபீஸ்ல நம்ம பேரை எழுதி வைச்சிருக்கிறவரு, அவரு பேனாவைத் திருப்பினா நமக்கு அன்னைக்கு வேலை இல்லை. நான் வேற தோட்டத்தான்தான், ஆனாலும் அவரைக் கண்டதும் கை தானா தலைத்துண்டை அவுக்கப் போச்சு. தலையில துண்டே இல்லை.

பின்னாலயே அவரு சம்சாரம் மரகதம் அம்மா, மூணு பிள்ளைங்க. சாமானை இறக்கும்போது ஒரு மூட்டை மட்டும் அசையவே மாட்டேங்குது. பிரிச்சுப் பார்த்தா அம்மியும் குழவியும்! கிராணியார் தலையில கை வைச்சுக்கிட்டாரு. அவருக்கே தெரியாம ஏத்தியிருக்காங்க. என்னைத் தூண் பக்கமா இழுத்துட்டுப் போய் விஷயத்தைச் சொன்னாரு. அம்மா ரெண்டு மாசம் காய்ச்சல்ல கிடந்து எழுந்தவங்களாம். முழு ஓய்வும் வயிறாரச் சாப்பாடும் இல்லாம இன்னொரு தடவை படுத்தா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காராம். அஞ்சு நாளும் அம்மா ஒரு வேலையும் தொடாம, நல்லாச் சாப்பிட வைக்கணும்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. ஒரு கிராணியாரே என் கையைப் பிடிச்சுக் கேட்டா மாட்டேன்னா சொல்ல முடியும்? சரின்னு தலையை ஆட்டினேன்.

ஆ செங் வந்து அம்மியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு மலாய்ல என்கிட்ட கேட்டாரு: "இங்க கரை பூரா கல்லுதான் கிடக்கு, இதை எதுக்கு அவ்வளவு தூரத்துல இருந்து சுமந்துட்டு வந்தாங்க?"

டீ போட்ட ஆயா

காலையில டீத் தட்டோட போறேன், மெத்தையெல்லாம் விரிச்ச மடிப்புக் கலையாம இருக்கு. ராத்திரி தரையிலயா படுத்தாங்கன்னு பதறிப் போயிட்டேன். விசாரிச்சா, அம்மா எல்லாருக்கும் முன்னால எழுந்து உதறி, விரிச்சு, தலகாணியத் தட்டி வைச்சுட்டாங்களாம். பிள்ளைங்க துணி துவைச்சு வராந்தாக் கம்பியில காயுது. அம்மியை நான் முந்தின நாளே அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சுட்டேன், ஆனா விளக்குமாறை ஒளிக்கத் தோணலை பாருங்க. அம்மா வராந்தாவை அந்தக் கோடி வரைக்கும் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. கெஞ்சிக் கூத்தாடி விளக்குமாறைப் பிடுங்கினேன். சும்மா உக்காந்தா கை காலெல்லாம் வலிக்குதுன்னு என்கிட்டயே முறையிடுறாங்க.

விளக்குமாறை வைச்சுட்டு நான் திரும்புறதுக்குள்ள, அடுத்த அறை வெள்ளைக்கார மேம் கதவைத் திறந்து, கூட்டிக்கிட்டிருந்த ஆளுன்னு நினைச்சு டீ கேட்டிருக்கு. அம்மா மறுபேச்சு பேசலை. நேரா அடுப்படிக்குப் போய், ஆ செங்கைத் தள்ளி நிக்கச் சொல்லி, பாலைக் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீயைக் கொண்டு போய்க் குடுத்துட்டாங்க. கேள்விப்பட்டதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஓய்வுக்கு வந்த மனுஷியை இப்படி வேலை வாங்கிட்டோமேன்னு மேம்கிட்ட ஓடி, அவங்களும் உங்களை மாதிரி இங்கே தங்க வந்தவங்கதான்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். மேம் கோப்பையை மேலும் கீழும் பார்த்துட்டு என்கிட்ட நீட்டிச்சு: "பொய் சொல்லாதே, இங்கே தங்க வரவங்க யாருக்கும் இப்படி டீ போடத் தெரியாது."

சூப்பு ஊர்வலம்

வேலையை ஒரு மாதிரி தடுத்துடலாம். சாப்பாட்டை என்ன செய்ய முடியும்லா? ஓட்டல் வழக்கப்படி நான் முதல் சூப்பை அம்மா முன்னால வைச்சேன். அம்மா அதை அப்படியே கிராணியார் பக்கம் தள்ளினாங்க. அவரு திருப்பித் தள்ளினாரு. அம்மா பெரியவனுக்குக் குடுக்க, பெரியவன் ஒரு வாய் குடிச்சு மூஞ்சியைச் சுளிச்சு நடுப் பொண்ணுக்குக் குடுக்க, அது சின்னதுக்குக் குடுக்க, மேசையை ஒரு வலம் வந்து மறுபடி அம்மாகிட்டயே வந்துச்சு. அதுக்குள்ள சூப்பு ஆறி மேல ஆடை கட்டிப் போச்சு. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் அம்மா பிள்ளைங்க தட்டுல மிச்சமிருந்ததை வழிச்சு, மீன் தலையையும் முள்ளையும் சப்பிட்டு, வயிறு நிறைஞ்சுடுச்சுன்னு எழுந்துட்டாங்க. குருவி கூட அதைவிட அதிகமாத் தின்னும். தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல எங்க ஆத்தா சாப்பிட்டதும் இப்படித்தான். அதை ஒரு நாளும் நான் கவனிச்சதில்லை. தட்டு தூக்குற வேலைக்கு வந்தப்புறம்தான் யாரு தட்டுல என்ன இருக்குன்னு பார்க்கவே பழகினேன்.

மூணு நாள் இதே கதை. மூணாம் நாள் சாயங்காலம் பிள்ளைங்களோட மணல்ல நடந்து வந்த அம்மா, ஓட்டல் படியில கால் வைச்சவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. உதடு வெளுத்துப் போச்சு, கை நடுங்குது. மறுபடியும் காய்ச்சல்னு சின்னது அழ ஆரம்பிச்சுருச்சு. தொட்டுப் பார்த்தா சூடு இல்லை. காய்ச்சலும் இல்லை, ஒன்னும் இல்லை, வெறும் பசி மயக்கம்! எனக்குப் பயமும் ஆத்திரமும் ஒன்னா வந்துச்சு. சீனி கரைச்ச பாலை ஆ செங் ஓடி எடுத்துட்டு வந்தாரு. அதையும் அம்மா ஒரு மடக்கு குடிச்சுட்டுப் பிள்ளைக்கு நீட்டினாங்க. கிராணியார் படியிலயே உக்காந்து, என் பக்கம் பார்க்காம சொன்னாரு: "துரைகிட்ட நின்னு லீவு வாங்கிட்டேன் தம்பி, இவகிட்ட வாங்க முடியலை."

பலகையில எழுதினது

மறுநாள் மத்தியானம் நான் ஒரு முடிவோட மேசைக்குப் போனேன். எல்லாரும் உக்காந்ததும் அம்மாகிட்ட பணிவா சொன்னேன்: இத்தனை நாள் தெரியாம நடந்துடுச்சு, இந்த ஓட்டல்ல ஒரு சட்டம் இருக்கு, வீட்டுக்கார அம்மா சாப்பிட்டு முடிக்காம மத்தவங்க சாப்பாட்டைத் தொடக்கூடாது, தொட்டா பரிமாறினவனுக்கு வேலை போயிரும். அப்போ பார்த்து அடுப்படி வாசல்ல ஆ செங் கரண்டியோட நின்னு என்னை முறைச்சாரு. மீன் ஆறுதேன்னு முறைச்சிருப்பாரு, ஆனா எனக்கு அது ரொம்ப உதவியா இருந்துச்சு.

அம்மா லேசுல நம்புற ஆளு இல்லை. எங்கே அந்தச் சட்டம்னு கேட்டாங்க. கதவுக்குப் பக்கத்துல தொங்கின இங்கிலீஷ் பலகையைக் காட்டினேன். கால் மணலைக் கழுவிட்டு உள்ளே வாங்கன்னு எழுதியிருக்குன்னு ஆ செங் சொல்லி வைச்சிருந்த பலகை அது. எனக்கும் படிக்கத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, ஆனா மேசையில ஒரு பெரிய கிராணியார் உக்காந்திருக்காருங்கிறதை நான் மறந்தே போயிட்டேன். அம்மா அவரைப் படிச்சுச் சொல்லச் சொன்னாங்க.

எனக்கு வேர்த்துக் கொட்டுது. கிராணியார் எழுந்து பலகைகிட்டப் போனாரு. கண்ணாடியை மாட்டினாரு. தன் பேனாவுல ஒரு பொய்யும் எழுதினதில்லைன்னு தோட்டமே சொல்ற மனுஷன்னு அவரு பிள்ளைங்க என்கிட்ட பெருமையா சொல்லியிருந்தாங்க. பலகையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, மெலிஞ்சு போய் உக்காந்திருந்த சம்சாரத்தைப் பார்த்தாரு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, எழுத்தெழுத்தா விரலை ஓட்டிப் படிச்சாரு: "வீட்டுக்கார அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், மீறினால் பரிமாறியவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார்... அப்படித்தான் போட்டிருக்கு மரகதம்."

வவ்வால் மீன்

அடுப்புல பொரிச்சு நேரா எடுத்த முழு வவ்வால் மீன், பக்கத்துல ஆவி பறக்கச் சோறு. இடது பக்கமா நின்னு அம்மா முன்னால வைச்சேன். மேசையில மத்த நாலு பேருக்கும் வெறும் தட்டு. அம்மா கை பழக்கத்துல தட்டைத் தள்ளப் போச்சு, பாதியில நின்னுச்சு. உனக்குப் பிள்ளை குட்டி இருக்கான்னு என்னைக் கேட்டாங்க. கல்யாணமே ஆகாதவன், ரெண்டுன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் பெருமூச்சு விட்டுட்டு மீன்ல கை வைச்சாங்க.

முதல் துண்டை வாயில போட்டதும் ஆன்னு வாயைத் திறந்து கையால விசிறிக்கிட்டாங்க. முள்ளுதான் குத்திடுச்சோன்னு நான் தண்ணிக்கு ஓடப் பார்த்தேன், வேணாம்னு தலையாட்டினாங்க. அடுத்த துண்டு, அதுக்கடுத்த துண்டு. பிள்ளைங்க வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு இருந்துச்சுங்க. அம்மா சாப்பிட்டு அதுங்க பார்த்ததே இல்லை போல. சின்னது கேக்க வாயெடுத்துச்சு, பெரியவன் அதோட கையைப் பிடிச்சு அடக்கிட்டான். கிராணியார் ஜன்னல் வழியா கடலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு, கண்ணாடியை ரெண்டு தடவை துடைச்சாரு. ஒரு பக்கம் முடிஞ்சு, மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் முடிச்சு, சோறு இன்னொரு தரம் வாங்கினாங்க. தட்டுல முள்ளு மட்டும் மிச்சம். நான் தட்டை எடுக்கக் குனிஞ்சப்ப அம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னாங்க: "பதினாறு வருஷமா மீன் பொரிக்கிறேன் தம்பி, பொரிச்ச மீன் நாக்கைச் சுடும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அதுக்கப்புறம் எத்தனையோ துரைமாருக்கு மணிக்கணக்கா நின்னு பரிமாறியிருக்கேன், ஆனா வாங்கின சம்பளத்துக்கு உண்மையா உழைச்சது அன்னைக்கு ஒரு நாள்தான், அன்னைக்குப் பார்த்துத்தான் ஆ செங் என்னை ஒரே மேசைகிட்ட மசமசன்னு நின்னதுக்கு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு.